சின்னவனின் ஊரில்: பொகோட்டா நாட்குறிப்பு

கொலம்பியாவுக்கு நாங்கள் போனது சுற்றிப் பார்க்க இல்லை. பதினொரு வயதுப் பையன் ஒருவனைத் தத்தெடுத்துக் கூட்டிவரப் போனோம். வழக்கு முடிகிறவரை அவன் பெயரையோ படத்தையோ வெளியிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். முடிந்த பிறகும் போடுவதாக இல்லை. அது அவன் சமாச்சாரம். இந்தக் குறிப்புகளில் அவன் சின்னவன், பதினைந்து வயது மகள் பெரியவள்.

"ஏன் கொலம்பியா, நம்ம ஊர்ல பிள்ளையே இல்லையா?" என்று மதுரையிலிருந்து போன் வராத வாரம் இல்லை. பிள்ளை வேண்டும் என்று நாங்கள் தேடிப் போகவில்லை. இந்தப் பையன் வேண்டும் என்று போனோம். வளர்ந்த பிள்ளைகளை விடுமுறையில் வெளிநாட்டுக் குடும்பங்களோடு சில வாரம் தங்கவைக்கும் திட்டம் ஒன்று உண்டு. அதில் 2023 கோடையில் ஹூஸ்டனில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். தட்டில் வைத்ததைச் சாப்பிட்டான், சொன்ன நேரத்துக்குத் தூங்கினான், எது கேட்டாலும் "சரிங்க" என்றான். சாதுவான பையன் என்று எல்லோரும் சொன்னார்கள். சாதுவும் இல்லை, ஒன்றும் இல்லை என்று பொகோட்டா போய்த்தான் தெரிந்தது.

11 ஜனவரி 2025, சனி

விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள் தலைவலி. இந்த ஊர் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைவிட உயரம், அதன் மேல் ஏறத்தாழ 80 லட்சம் பேர். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்றபோது, எங்கள் பெட்டியைத் தூக்கி வந்த காவலாளி பொறுமையாகப் பக்கத்தில் நின்றார். எல்லோருக்கும் இப்படித்தான், நாளைக்குச் சரியாகிவிடும் என்றார்.

பகலில் நல்ல வெயில். ஆறு மணிக்கு மேல் குளிர் எலும்பில் இறங்குகிறது. வீடுகளில் ஹீட்டர் வைக்கிற வழக்கம் இல்லை. எல்லோரும் வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் எடுத்த அடுக்குமாடி வீட்டில் கம்பளி ஏராளம், வெந்நீர் கொஞ்சம்.

இரவுச் சாப்பாட்டுக்கு "இறைச்சி இல்லாமல்" என்று கேட்டேன். கோழி வந்தது. இறைச்சி வேண்டாம் என்றேனே என்றால், பரிமாறிய அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "இது கோழிதானே" என்றார். இங்கே இருந்த காலம் முழுக்க இந்த உரையாடல் எனக்கும் கொலம்பியாவுக்கும் நடந்துகொண்டே இருந்தது.

13 ஜனவரி, திங்கள்

இன்று சந்திப்பு. கொலம்பியாவில் தத்தெடுப்பு மொத்தமும் ஐ.சி.பி.எஃப். என்கிற அரசு குடும்பநல நிறுவனத்தின் பொறுப்பு. சின்னக் குழந்தைகளுக்கு உள்நாட்டுக் குடும்பங்களுக்கே முதலிடம். வெளிநாட்டிலிருந்து போகிறவர்களுக்குப் பெரும்பாலும் வளர்ந்த பிள்ளைகள், பிரிக்கக் கூடாத உடன்பிறப்புகள், தனிக் கவனிப்பு தேவைப்படுகிற பிள்ளைகள். அவர்கள்தான் வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள்.

ஓர் அறையில் பலூன் கட்டி, கேக் வைத்திருந்தார்கள். நாங்கள் முன்கூட்டியே அனுப்பிய குடும்ப ஆல்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு சின்னவன் நின்றான். ஆல்பத்தின் மூலைகள் நைந்திருந்தன. பெரியவளைவிட உயரமாகிவிட்டான். அவளுக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

கூடவே அவனை நாலு வருடமாக வளர்த்த அம்மா வந்திருந்தார். பெற்றோரோடு இருக்க முடியாத பிள்ளைகளை அரசு சார்பில் வீட்டில் வைத்து வளர்ப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். இவர் கையில் வளர்ந்து போன பிள்ளைகள் நிறைய. அழுவார் என்று நினைத்து மனைவி கைக்குட்டையோடு தயாராக இருந்தாள். அவரோ உட்கார்ந்ததும் ஒரு பிளாஸ்டிக் உறையைத் திறந்து தடுப்பூசி அட்டை, பல் மருத்துவர் சீட்டு, பள்ளி மதிப்பெண் என்று வரிசையாக எடுத்து வைத்தார். பீட்ரூட் சாப்பிட மாட்டான். கணக்கில் பொய் சொல்வான், எத்தனை போட்டான் என்று நோட்டைப் பாருங்கள். காலுறை இல்லாமல் தரையில் நடக்க விடாதீர்கள். பெரியவள் பள்ளியில் படித்த ஸ்பானிஷை வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் மொழிபெயர்த்தாள். மனைவி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

கேக்கை வெட்டச் சொன்னபோது முதல் துண்டை அவருக்குக் கொடுத்தான். இரண்டாவது துண்டு மனோதத்துவ நிபுணருக்கு. எங்களுக்கு அப்புறம்தான். அது முறைதான்.

14 ஜனவரி, செவ்வாய்

தை முதல் நாள். சந்திப்புக்குத் தேதி கொடுத்தது அவர்கள், அடுத்த நாள் பொங்கல் வந்தது தற்செயல். பாசிப்பருப்பு, ஏலக்காய், நெய் ஹூஸ்டனிலிருந்து கொண்டுவந்திருந்தோம். வெல்லத்துக்குக் கவலையே இல்லை. பனேலா என்று தெருமுனைக் கடையிலெல்லாம் கட்டி கட்டியாக விற்கிறார்கள். கரும்புச்சாற்றைக் காய்ச்சி வார்த்த அதே வெல்லம்தான். அதை வெந்நீரில் கரைத்துச் சீஸோடு குடிக்கிறார்கள். பாலும் பிளாஸ்டிக் பாக்கெட்டில் வருகிறது. ஆவின் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்து வளர்ந்த எனக்கு, அமெரிக்காவின் பெரிய கேன்களுக்குப் பிறகு அதைப் பார்த்ததில் ஒரு சந்தோஷம். சின்னவன் என் கையிலிருந்து பாக்கெட்டை வாங்கி, ஒரு ஜாடிக்குள் நிறுத்தி, மூலையைக் கத்தரியால் சின்னதாக வெட்டினான். அதற்கென்றே ஜாடி இருக்கிறதாம்.

இந்த உயரத்தில் தண்ணீர் 91 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கிறதே தவிர வேகவில்லை. பருப்பு ஒரு மணி நேரமாகியும் பல்லில் தட்டியது. சின்னவன் எட்டிப் பார்த்தான், அடுப்புக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்தான், பிரஷர் குக்கரை எடுத்து மேடைமேல் வைத்தான். இங்கே அது இல்லாத வீடு இல்லையாம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் லேசான இளப்பம் இருந்தது. ஹூஸ்டனில் அந்தப் பார்வையை நான் கண்டதில்லை.

தனிப் பானையில் பால் பொங்கி வரும்போது நாங்கள் மூவரும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினோம். அவன் பாய்ந்து வந்து அடுப்பை அணைத்துவிட்டான். பால் வீணாகிறது, மூன்று பெரியவர்கள் பார்த்துக்கொண்டு நின்று கத்துகிறார்கள் என்றால் எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்யும். பெரியவள் விளக்கினாள். சூரியனுக்கு நன்றி என்றதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். மேகமாக இருந்தது.

இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். தன் வளர்ப்பம்மா செய்கிற பால்சோறு மாதிரி இருக்கிறது, ஆனால் பட்டை போட மறந்துவிட்டீர்கள் என்றான்.

16 ஜனவரி, வியாழன்

இனி சில நாள் நாங்கள் சேர்ந்து வாழ்வதை அதிகாரிகள் பார்ப்பார்கள். ஒத்துப்போகிறது என்று அவர்கள் அறிக்கை எழுதினால்தான் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். அதுவரை வேலை ஒன்றும் இல்லை. ஊர் சுற்றலாம்.

சுற்றிக் காட்டியது அவன். டிரான்ஸ்மிலேனியோ என்று தனிப் பாதையில் ஓடும் நீளமான சிவப்புப் பேருந்துகள், டிக்கெட் 3,000 பெசோவுக்குச் சற்று மேல். டாலர் 4,000 பெசோவைத் தாண்டி நிற்பதால் எங்களுக்கு மலிவு, அங்கே சம்பளம் வாங்குகிறவர்களுக்கு மலிவில்லை. எழுத்தும் எண்ணும் கலந்த தடங்கள், எது எங்கே நிற்கும் எங்கே நிற்காது என்பது அவனுக்கு மனப்பாடம். ஏறுவதற்கு முன் என் முதுகுப் பையைக் கழற்றி மார்புப் பக்கம் மாட்டிவிட்டான். மனைவியின் காதுக் கம்மலைக் கழற்றச் சொன்னான். பெரியவளிடம் போனை உள்ளே வைக்கச் சொல்ல, அவள் முறைக்க, அவன் கையை நீட்டியபடி நின்றான். வைத்தாள்.

வண்டிக்குள் ஒருவர் மிட்டாய் விற்றார், ஒருவர் பாட்டுப் பாடினார், ஒரு வெனிசுவேலாப் பெண் தன் கதையைச் சொல்லிக் கை நீட்டினார். சின்னவன் மிட்டாய்க்காரரிடம் மட்டும் வாங்கினான். இரண்டு கேட்டு மூன்று வாங்கிவிட்டான்.

மதியம் தெருக்கடையில் அன்றைய சாப்பாடு. சூப், சோறு, பீன்ஸ், பொரித்த நேந்திரம், ஒரு துண்டு இறைச்சி, பழச்சாறு எல்லாம் சேர்த்து 16,000 பெசோ. உள்ளே வருகிறவர்களும் வெளியே போகிறவர்களும் முன்பின் தெரியாத மேசைகளைப் பார்த்து, நன்றாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்குப் பிடித்துவிட்டது. கடைக்காரரிடம் சின்னவன் ஏதோ நீளமாகப் பேசினான். என் தட்டில் இறைச்சிக்குப் பதிலாக இரண்டு முட்டை வந்தது. கோழி வராத முதல் நாள்.

19 ஜனவரி, ஞாயிறு

இன்று எங்கள் பகுதிக்குத் தண்ணீர் கிடையாது. பொகோட்டாவுக்கு மழைப் பற்றாக்குறையால் 2024 ஏப்ரலிலிருந்து தண்ணீர் ரேஷன். நகரத்துக்குப் பெரும்பங்கு தண்ணீர் தருகிற சிங்காசா அணைகள் வற்றிப்போனதால், ஊரைப் பகுதிகளாகப் பிரித்து, முறை வைத்து, காலை எட்டு மணியிலிருந்து மறுநாள் காலை எட்டு வரை நிறுத்துகிறார்கள்.

கட்டடத்தில் தொட்டி இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். சின்னவன் நம்பவில்லை. நேற்று இரவே வீட்டிலிருந்த பானை, ஜாடி, குப்பைக்கூடை வரை கழுவி நிரப்பி வைத்துவிட்டான். 2019-இல் சென்னையில் ஏரிகள் வற்றியபோது என் அக்கா வீட்டில் லாரிக்காகக் குடத்தோடு நின்றவன் நான். இருந்தும் குப்பைக்கூடை எனக்குத் தோன்றியதில்லை. பதினோரு மணிக்குத் தொட்டி காலி. மாடியில் எல்லா வீட்டிலும் கதவு திறந்து மூடுகிற சத்தம். நாங்கள் நிம்மதியாகக் காப்பி போட்டுக் குடித்தோம். எதிர்வீட்டுப் பாட்டிக்கு ஒரு ஜாடி கொடுத்துவிட்டு வந்தான். திரும்பும்போது கையில் ஒரு தட்டு பொரித்த சீஸ் உருண்டை.

அப்புறம் சைக்கிள். 1974-இல் தொடங்கிய வழக்கமாம். ஞாயிறுதோறும் காலை ஏழு முதல் இரண்டு வரை 120 கிலோமீட்டருக்கு மேல் சாலைகளில் காருக்கு இடமில்லை. தாத்தா, நாய், ஸ்கேட்டிங், கைக்குழந்தை, எல்லோரும் நடுரோட்டில். வாடகைச் சைக்கிளில் அவன் கையை விட்டு ஓட்டினான். நான் பத்து நிமிடத்துக்கொருமுறை மாங்காய்க்காரர் முன்னால் நின்றேன். உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தருகிறார்கள், மிளகாய்த்தூள் கிடையாது. அது ஒன்றுதான் குறை.

22 ஜனவரி, புதன்

கெட்ட நாள்.

காலையில் பெரியவள் துணி மடிக்கும்போது அவன் காலுறை அடுக்கில் நாலு அல்மொஹாபனா, சோள மாவும் சீஸும் கலந்த ரொட்டி, காகிதத்தில் சுற்றி வைத்திருந்ததைக் கண்டுபிடித்தாள். ஒன்றில் பூஞ்சை. அவள் சிரித்துவிட்டாள். கேலியாக இல்லை, ஆச்சரியத்தில். ஆனால் அவன் பார்த்துவிட்டான். குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.

தத்தெடுப்பவர்கள் குறைந்தது பத்து மணி நேரம் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும் என்பது அமெரிக்க விதி. அந்தப் பயிற்சியில் இது வந்தது: பசித்த காலம் ஒன்று இருந்த பிள்ளை ஒளித்து வைக்கும், திட்டாதே, பிடுங்காதே, கைக்கெட்டுகிற இடத்தில் எப்போதும் சாப்பாடு வை. படிக்கும்போது சுலபமாக இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் கண்ணாடித் தம்ளர் உடைகிற சத்தம் கேட்கும்போது பாடத்தின் எந்தப் பக்கமும் நினைவுக்கு வரவில்லை. மனைவி கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். ஒன்றும் பேசவில்லை. மதியம்வரை உட்கார்ந்திருந்தாள்.

வளர்ப்பம்மாவோடு பேச வேண்டும் என்று உள்ளிருந்து கேட்டான். முதல் சில மாதம் அந்தத் தொடர்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் உங்களோடு ஒட்டுவான் என்று எங்களுக்கு ஆலோசனை சொல்லியிருந்தார் ஒருவர். எனக்கு அப்போதே அது ஒப்பவில்லை, இப்போது சுத்தமாகப் பிடிக்கவில்லை. நாலு வருடம் சோறு போட்டவரை மறந்தால்தான் நம்மை ஏற்றுக்கொள்வான் என்றால், அப்படி மறக்கிற பிள்ளை நம்மை மட்டும் எப்படி ஞாபகம் வைத்திருக்கும்? போன் போட்டு, கதவின் அடியில் தள்ளினோம். அரை மணி நேரம் அவர்தான் பேசினார். முக்கால்வாசி திட்டு. வெளியே வந்தவன் கண்ணாடித் துண்டுகளை ஒரு பையில் பொறுக்கி வைத்திருந்தான். பெரியவள் சாயந்திரம் கடைக்குப் போய் மூடி போட்ட டப்பா ஒன்று வாங்கி, ரொட்டியும் பிஸ்கட்டும் நிரப்பி, அவன் கட்டில் பக்கத்தில் வைத்தாள். யாரும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"அம்மான்னு கூப்பிட்டானா?" என்று குடும்ப வாட்ஸாப் குழுவில் தினமும் கேள்வி. தயவுசெய்து கேட்காதீர்கள். "எவ்வளவு பெரிய புண்ணியம்" என்பதையும் நிறுத்திக்கொள்ளலாம். அவன் காதில் விழுந்து யாராவது மொழிபெயர்த்துச் சொன்னால், தான் ஒரு தர்மக் காரியம் என்றுதானே நினைப்பான்.

27 ஜனவரி, திங்கள்

வெள்ளிக்கிழமை வழக்கு தாக்கலானது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு நாடுகளும் சண்டை போட்டுக்கொண்டன. நாடு கடத்தப்பட்டவர்களை ஏற்றிவந்த இரண்டு அமெரிக்க ராணுவ விமானங்களை இறங்க விடமாட்டேன் என்றார் கொலம்பிய அதிபர் பெத்ரோ. 25 சதவீத வரி, விசா தடை என்றார் டிரம்ப். ராத்திரிக்குள் சமாதானம் ஆகிவிட்டது, ஆனால் இன்று அமெரிக்கத் தூதரகத்தின் விசா பிரிவு திறக்கவில்லை. எங்களுக்கு விசா கட்டம் வர இன்னும் நாள் இருக்கிறது. இருந்தாலும் மனைவியும் நானும் தூங்கவில்லை.

டாக்ஸி ஓட்டுநர் பூ ஏற்றுமதியைப் பற்றித்தான் கவலைப்பட்டார். காதலர் தினம் வருகிறது, அவர் தங்கை பொகோட்டாவுக்கு வெளியே ரோஜாத் தோட்டத்தில் வேலை பார்க்கிறாள். அமெரிக்கா வாங்காவிட்டால் அத்தனை ரோஜாவையும் என்ன செய்வது என்றார்.

செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னவன், "அப்படியென்றால் நாம் எல்லோரும் இங்கேயே இருப்போமா?" என்று கேட்டான். பயந்து கேட்கவில்லை. வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான், எந்த அறை யாருக்கு என்று பிரிக்கிற மாதிரி. இங்கே பள்ளிகள் திறந்துவிட்டன. காலையில் சீருடைப் பிள்ளைகள் போவதை ஜன்னலில் நின்று பார்க்கிறான். பிறகு சேர்த்தது: வாரக் கடைசியில் விசா பிரிவு மறுபடி திறந்ததைச் சொன்னபோது "சரிங்க" என்றான். ஹூஸ்டன் "சரிங்க". ரொம்ப நாளுக்குப் பிறகு கேட்டேன்.

2 பிப்ரவரி, ஞாயிறு

மனைவிக்கு லீவு முடிந்தது, பெரியவளுக்குப் பள்ளி. நேற்று இருவரும் கிளம்பிவிட்டார்கள். தீர்ப்பை வாங்கப் பெற்றோரில் ஒருவராவது நேரில் இருக்க வேண்டும் என்கிறது கொலம்பியச் சட்டம். அந்த ஒருவர் நான். மொழிபெயர்க்க ஆள் இல்லை. என் ஸ்பானிஷ் போன் செயலியில் கற்றது, ஆப்பிள் சிவப்பு, பூனை பால் குடிக்கிறது என்கிற அளவு.

மொன்செராத்தே மலைக்குப் போகலாம் என்று அவன்தான் சொன்னான். 3,152 மீட்டர், உச்சியில் கோயில். ஞாயிறு டிக்கெட் மலிவு, அதனால் கூட்டம் பழனி மாதிரி. 1929-இலிருந்து ஓடுகிற இழுவை ரயிலில் ஏறினோம். மேலே நிற்கும்போது ஊர் முழுக்கக் கீழே தெரிந்தது. தெற்கே வீடுகள் மலையில் ஏறிப்போகிற பக்கம் கையை நீட்டி, தான் வளர்ந்த பகுதி அது, முன்பு இருந்த வீடு அதற்கும் அந்தப் பக்கம் என்றான். முன்பு என்றால் எப்போது என்று கேட்கத் தெரியவில்லை எனக்கு. சொற்கள் இருந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்று தெரியாது. அவனாகக் கொஞ்சம் சொன்னான். பாதி புரிந்தது. புரிந்த பாதியை இங்கே எழுத மாட்டேன்.

இறங்கி வந்து ஒப்லேயா சாப்பிட்டோம். பெரிய மெல்லிய பிஸ்கட் இரண்டுக்கு நடுவே காய்ச்சிய பால் இனிப்பு. என் சட்டை முழுக்க வழிந்தது. கடைக்காரப் பெண் துணி நனைத்துக் கொடுத்து, பையனைப் பார்த்து, உன் அப்பாவுக்குச் சாப்பிடக் கற்றுக்கொடு என்றார். கற்றுக்கொடுத்தான். சுற்றிச் சுற்றி நக்க வேண்டுமாம்.

12 பிப்ரவரி, புதன்

தீர்ப்பு வந்துவிட்டது, எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம். நீதிமன்றத்தில் பெரிய காட்சி ஒன்றும் இல்லை. ஒரு மேசை, ஒரு கையெழுத்து. வெளியே வந்து ஆளுக்கொரு சூடான சாக்லேட், சீஸைக் கிள்ளிப் போட்டு.

இனிமேல்தான் வேடிக்கை. தீர்ப்பை வைத்துப் புதிய பிறப்புப் பதிவு செய்ய வேண்டும். அதில் பிள்ளைக்கு இரண்டு குடும்பப் பெயர், அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. எங்கள் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது என் அப்பாவின் பெயர், என் மாமனாரின் பெயர். உங்கள் தாத்தாவுக்கு என்ன குடும்பப் பெயர் என்று வழக்கறிஞர் கேட்டார். அவருக்கு அவர் அப்பா பெயர்தான் இனிஷியல் என்றேன். அப்படியானால் ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறுமா, பிறகு யார் யாருக்கு உறவு என்று எப்படித் தெரியும் என்றார். கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது தெரிந்துவிடும் என்று சொல்ல ஆசை, மொழி இடம்கொடுக்கவில்லை.

ஆக, மதுரையில் மளிகைக்கடை வைத்திருந்த என் அப்பாவும், காரைக்குடியில் வாத்தியாராக இருந்த மாமனாரும் பொகோட்டாப் பையன் ஒருவனின் பெயரில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். உயிரோடு இருக்கும்போது இருவருக்கும் ஆகாது. முதல் பெயர் அவனுடையதே. அதில் யாரும் கை வைக்கவில்லை.

"என் பழைய பெயர் எங்கே போகும்?" என்று வழக்கறிஞரிடம் கேட்டான். தத்தெடுப்புக் கோப்பு 20 ஆண்டுக்கு முத்திரையிடப்படும், வெளியார் பார்க்க முடியாது, ஆனால் உனக்கு அதைக் கேட்டுப் பார்க்கிற உரிமை உண்டு என்று அவர் நிதானமாக விளக்கினார். எந்த அலுவலகம் என்று முகவரி கேட்டு எழுதிக்கொண்டான்.

19 பிப்ரவரி, புதன்

என் அப்பா பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள். பதிவு அலுவலகத்தில் திருத்தக் கேட்டால், தட்டச்சு செய்தவர் மதியம் வருவார் என்றார்கள். மதியம் கணினி வேலை செய்யவில்லை. மறுநாள் கையெழுத்திடுகிறவர் இல்லை. எல்லோரும் அவ்வளவு மரியாதையாக, "ரொம்பச் சங்கடமாக இருக்கிறது உங்களிடம் சொல்ல" என்று சொல்லித்தான் திருப்பி அனுப்பினார்கள். கோபப்படவும் வழியில்லை. தெரு வண்டியில் பிளாஸ்க்கோடு நிற்பவரிடம் கறுப்புக் காப்பி குடித்துக் குடித்து வயிறு புண்ணானது.

சின்னவன் மூன்றாம் முறை தானே கவுண்டருக்குப் போனான். என்ன சொன்னான் என்று முழுதாகத் தெரியாது. தாத்தா என்றும் இறந்துவிட்டார் என்றும் இரண்டு சொல் காதில் விழுந்தது. அரை மணியில் திருத்திய பதிவு கையில். என் அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. நேற்றுப் போனது போல அவன் சொல்லியிருக்க வேண்டும்.

பாஸ்போர்ட், மருத்துவப் பரிசோதனை, விசா எல்லாம் அதன்பின் ஒழுங்காக நடந்தன. ஊசிக்கு மட்டும் கத்தினான்.

28 பிப்ரவரி, வெள்ளி

நாளை கிளம்புகிறோம். வளர்ப்பம்மா பெரிய பானையோடு வந்தார், இரண்டு பேருந்து மாறி. அஹியாக்கோ. மூன்று வகை உருளைக்கிழங்கு, அதில் ஒன்று கரைந்து குழம்பாகிவிடும். சோளக்கதிர், கோழி, மேலே பாலாடையும் ஊறவைத்த கேப்பர் மொட்டுகளும். வாசனைக்குக் குவாஸ்காஸ் என்று ஒரு கீரை. படத்தைத் தேடிப் பார்த்தால், ஊட்டிப் பக்கம் தோட்டத்தில் களை என்று பிடுங்கிப் போடுகிற செடி. எனக்காகச் சைவமாகச் செய்ததாகச் சொன்னார். அதாவது என் கிண்ணத்திலிருந்து கோழித் துண்டுகளை எடுத்துவிட்டார். சாப்பிட்டேன். வேறென்ன செய்வது. சொல்லப்போனால் பிரமாதமாக இருந்தது, இதை மனைவியிடம் சொல்ல வேண்டாம்.

சாப்பிட்டுவிட்டு அவர் நிபந்தனைகளைச் சொன்னார். ஞாயிறுதோறும் போன், அவன் மறந்தால் நாங்கள் போட வேண்டும். ஸ்பானிஷ் மறக்கக் கூடாது. முடியை ரொம்பக் குட்டையாக வெட்டக் கூடாது. காய்ந்த குவாஸ்காஸ் ஒரு பொட்டலம் கொடுத்து அளவு சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். அவர் கிளம்பும்போது சின்னவன் பேருந்து நிறுத்தம்வரை போனான். கூட வரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றான். திரும்பிவர நேரமாயிற்று. வந்ததும் பானையில் மிச்சமிருந்ததை எடுத்துச் சூடாக்கிச் சாப்பிட்டான்.

9 மார்ச், ஞாயிறு, ஹூஸ்டன்

போன சனிக்கிழமை வந்து சேர்ந்தோம். இறங்கியவுடன் அவன் அமெரிக்கக் குடிமகன். பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்து, முறைப்படி தத்தெடுத்துக் கூட்டிவந்தால், நாட்டுக்குள் நுழைகிற கணத்திலேயே குடியுரிமை என்கிறது 2000-இல் வந்த ஒரு சட்டம். எனக்கு அதற்குப் பத்தொன்பது வருடமும் ஒரு தேர்வும் ஆயிற்று.

அவன் பெட்டி மட்டும் வரவில்லை. வேறெங்கோ போய், இரண்டு நாள் கழித்துச் சக்கரம் உடைந்து வந்தது. உள்ளே பனேலா பொடியாகிப் பள்ளி நோட்டெல்லாம் பிசுபிசுப்பு. பெரியவள் விமான நிறுவனத்தைத் திட்டித் தீர்த்தாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வாரம் முழுக்கவே அவன் ஒன்றும் சொல்லவில்லை. வைத்ததைச் சாப்பிட்டான், சொன்னபோது தூங்கினான், எல்லாவற்றுக்கும் "சரிங்க". வந்து பார்த்த நண்பர்கள், எவ்வளவு சாதுவான பையன் என்றார்கள். மனைவியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பேருந்தில் ஏறுமுன் பெரியவளிடம் போனுக்காகக் கை நீட்டி நின்றவனை, குப்பைக்கூடையில் தண்ணீர் பிடித்தவனை, அரசு அலுவலகத்தில் என் அப்பாவை இன்னொருமுறை சாகடித்தவனை எங்களுக்குத் தெரியும். அங்கேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று கொலம்பியாக்காரர்கள் வைத்திருக்கிற விதி நல்ல விதி. அலுப்பாக இருந்தது, சம்பளம் போனது, இருந்தாலும் நல்ல விதி.

இன்று மதியம் மாடியிலிருந்து சத்தம். ஒரு சார்ஜருக்காகச் சண்டை. அவள் தமிழிலும் ஆங்கிலத்திலும், அவன் முழு ஸ்பானிஷில், கதவை அறைந்து, படியில் இறங்கி வந்து, என் முன்னால் நின்று, இது என்னுடையது என்று இருவரும் கத்தினார்கள். வாங்கிப் பார்த்தேன். என்னுடையது.